ஆடி முடித்து கோச் ஆகப் போகிற தம்பிகளுக்கு

சென்னை கால்பந்து லீக்கில் ஆடும் பையன்கள் அடிக்கடி எனக்கு போன் செய்கிறார்கள். சிலர் ஆட்டத்தை நிறுத்தலாமா என்ற யோசனையில் இருப்பவர்கள், சிலர் முட்டி போய் ஆட்டமே நின்றுபோனவர்கள். கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, கோச்சிங் பக்கம் வரலாம்னு இருக்கேன், என்ன பண்ணணும்?" ஆளுக்குப் பாதி பாதியாகச் சொல்வதைவிட நடந்ததை முழுதாக எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நான் இந்தப் பக்கம் வந்தபோது இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை. டிரெஸ்ஸிங் ரூமில் என்னென்னவோ பேசுவோம். ஆட்டம் முடிந்தபிறகு வயிற்றுப்பாட்டுக்கு என்ன வழி என்று மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டோம்.

நான் வியாசர்பாடிக்காரன். சந்துக்குச் சந்து பந்து உதைக்கும் ஏரியா. தனபால் கணேஷ் இங்கிருந்துதான் ஐ.எஸ்.எல். என்ற இந்தியன் சூப்பர் லீக் வரை போனார். நான் அந்த உயரத்தை எட்டவில்லை. ஸ்டாப்பர் பேக்காக, அதாவது நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரனாக, சீனியர் டிவிஷனில் ஒரு அலுவலக அணிக்கு ஸ்டைபண்டில் ஆடினேன். ஸ்டைபண்ட் என்றால், அணியின் பெயர் நெஞ்சில் இருக்கும், வேலை இருக்காது. சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும் கையில் ஒரு தொகை. எனக்கு முந்தைய தலைமுறைக்கு நிலைமை வேறு. இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., வருமான வரித்துறை, ஏ.ஜி. ஆபீஸ் என்று அணிகள் இருந்தன, நன்றாக ஆடினால் நிரந்தர வேலை கிடைத்தது. ஆட்டம் நின்றாலும் மாதச் சம்பளம் நிற்காது. அந்த அண்ணன்கள் சாயங்காலம் மைதானத்துக்கு வந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததற்கு ஒரு பைசா வாங்கியதில்லை, வாங்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் இந்திய அணிக்குக் கேப்டனாக இருந்து, பிறகு ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் இரண்டுக்கும் கோச்சாகப் பேர் வாங்கிய பி.கே. பானர்ஜிகூட ஈஸ்டர்ன் ரயில்வேக்கு ஆடியவர்தான். அந்தக் காலத்து கோச்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, கோச்சிங் என்றால் சம்பளம் பேசாத ஒரு சேவை என்று மனதில் பதிந்துவிட்டது. ஸ்டைபண்டில் ஆடியவனுக்கு அது கட்டுப்படியாகாது. எனக்கு வந்த சிக்கல் எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

மலப்புறம் பக்கம் அணிக்கு ஏழு பேர் ஆடும் ஒரு செவன்ஸ் போட்டிக்கு கெஸ்ட் பிளேயராகப் போன இடத்தில் முட்டி போனது. ஏ.சி.எல். என்ற முட்டித் தசைநார் கிழிந்துவிட்டது. ஆபரேஷனுக்கு மட்டும் 1,80,000 ரூபாய், பிசியோதெரபிக்குத் தனி. செவன்ஸ் நடத்தியவர்கள் வண்டிக்காசு கொடுத்து அனுப்பினார்கள், அவ்வளவுதான். இன்னும் ஆடிக்கொண்டிருக்கிற தம்பிகளே, இன்சூரன்ஸ் எடுக்கும்போது போட்டியில் பட்ட காயத்துக்குப் பணம் கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல விபத்து பாலிசிகளில் தொழில்முறை விளையாட்டு என்றால் கிடையாது என்று உள்ளே ஒரு வரி இருக்கும்.

ஓய்வில் இருந்த அந்த மாதங்களில்தான் கோச்சிங் என்று முடிவெடுத்தேன். முதலில் செய்தது ஏ.ஐ.எஃப்.எஃப். (அகில இந்திய கால்பந்து சம்மேளனம்) நடத்தும் டி லைசென்ஸ் கோர்ஸ். 18 வயது முடிந்த யாரும் சேரலாம், பெரிய வீரராக இருக்க வேண்டியதில்லை. ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். அதன்பிறகு சி, பி, ஏ, கடைசியில் ப்ரோ. ஒவ்வொன்றுக்கும் நடுவில் காத்திருப்பும் களத்தில் வேலை செய்த அனுபவமும் கேட்பார்கள். ஐ.எஸ்.எல். அணிக்குத் தலைமை கோச்சாக நிற்க ப்ரோ அல்லது அதற்கு இணையானது வேண்டும். அதனால் 32 வயதில் டி-யில் தொடங்குபவனுக்கும், 23 வயதில் ஆடிக்கொண்டே டி முடித்து வைத்தவனுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சீசன் முடிந்து சும்மா இருக்கிற மாதத்தில் இதை முடித்துவிடலாம். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் அறிவிப்பு வந்த உடனே பதிவு செய்துவிடுங்கள்.

அந்த கோர்ஸில் நடந்த ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு தலைப்பு கொடுத்து, கூட இருக்கும் மற்றவர்களையே வீரர்களாக நிறுத்தி, ஒரு செஷன் எடுக்கச் சொன்னார்கள். எனக்கு வந்தது ஒன்றுக்கு ஒன்று தடுப்பு. பத்து வருஷத்துக்கு மேல் ஸ்டாப்பராக நின்றவனுக்கு இதைவிட வசதியான தலைப்பு ஏது? கோன் வைத்தேன், விசில் ஊதினேன். "ஏறு, நில்லு, விடாத" என்று கத்தினேன். பயிற்றுநர் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் வந்து, மெதுவான குரலில் கேட்டார்: பந்தோடு வருகிறவனிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும்? எந்தக் கால் முன்னால்? அவனை உள்பக்கம் விடுவதா வெளிப்பக்கம் விடுவதா, ஏன்? ஆட்டத்தில் இதையெல்லாம் நான் ஆயிரம் முறை செய்திருக்கிறேன். ஆனால் ஒரு கேள்விக்குக்கூட வாயிலிருந்து பதில் வரவில்லை. சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூட பி.டி. மாஸ்டர்கள், லீக் ஆடாதவர்கள். அவர்கள் முன்னால் நின்ற அந்த நிமிஷம் முகமெல்லாம் எரிந்தது.

அன்று ராத்திரி ரூமில் செருப்பை எதிராளியாக வைத்து நானே ஆடிப் பார்த்தேன். உடம்பு என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாகக் கவனித்து எழுதினேன். பந்து எதிராளிக்குப் போகும்போதே வேகமாக நெருங்குகிறேன். கடைசி மூன்று நான்கு அடியில் வேகத்தைக் குறைத்துச் சின்னச் சின்ன அடியாக வைக்கிறேன். நேருக்கு நேர் நிற்காமல் பக்கவாட்டில் திரும்புகிறேன், முட்டி மடங்கியிருக்கிறது. உள்பக்கக் காலை முன்னால் வைத்து அவனை டச் லைன் பக்கம் தள்ளுகிறேன். கண் பந்தின் மேல், அவன் இடுப்பின் மேலோ முகத்தின் மேலோ இல்லை. கையை நீட்டினால் தொடும் தூரம். அவன் பந்தைக் காலிலிருந்து கொஞ்சம் தள்ளித் தட்டுகிற அந்தக் கணத்தில் கால் போகிறது. இவ்வளவும் ஒரே நோட்டுப் பக்கத்தில் அடங்கியது. கோச்சிங் தொடங்கியது அந்தப் பக்கத்தில்தான் என்று இப்போதும் நம்புகிறேன். நீங்கள் எந்த இடத்தில் ஆடுகிறவராக இருந்தாலும், இப்போதே உங்கள் ஆட்டத்தை இப்படி எழுதிப் பாருங்கள். ஒன்பது வயசுப் பையன் "எப்படிண்ணா?" என்று கேட்கும்போது அவனுக்குக் கொடுக்க வேண்டியது இதைத்தான். இப்போது இதை நான் பத்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலத்தில் ஒரு சந்து போல கோன் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் கொஞ்ச நேரம் பந்தைப் பறிக்கவே கூடாது, எதிராளியை ஓரம் தள்ளினால் மட்டும் புள்ளி. பசங்களுக்கு உடனே புரிகிறது.

சரி, பணம். டி முடித்ததும் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு தனியார் அகாடமியில் சேர்ந்தேன். மாதம் 25,000 என்று நடத்துபவர் வாயால் சொன்னார். "நாமெல்லாம் ஃபுட்பால் குடும்பம்தானே, எதுக்கு பேப்பர்" என்றார். அவரும் ஒரு காலத்தில் ஆடியவர். அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகிய ஒருவரிடம் அக்ரிமென்ட் கேட்பது நம் ஊரில் எவ்வளவு கூச்சமான காரியம் என்று உங்களுக்கே தெரியும். முதல் இரண்டு மாதம் முழுச் சம்பளம் வந்தது. மூன்றாம் மாதம் பத்தாயிரம் வந்தது. கேட்டால், ஃபீஸ் வரட்டும் என்றார். மைதானத்தில் அறுபதுக்கும் மேல் பிள்ளைகள், தலைக்கு 2,500 ரூபாய் ஃபீஸ். வசூல் ஆகிறதா இல்லையா என்பது பெற்றோரிடம் சாதாரணமாகப் பேசினாலே தெரிந்தது. மூன்று மாதத்துக்கு முன்பணமே கட்டியிருந்தார்கள்.

அப்புறம் கோவையில் ஒரு அண்டர்-13 போட்டி வந்தது. பஸ், நுழைவுக் கட்டணம், தங்குமிடம் எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். அகாடமி கணக்கில் ஏதோ சிக்கல், இப்போதைக்கு நீ போட்டுவிடு, வந்ததும் தருகிறேன் என்றார். பிள்ளைகள் புது ஜெர்சி வாங்கிக் காத்திருந்தார்கள். என் கார்டில் தேய்த்தேன். பிள்ளைகள் அரையிறுதி வரை போனார்கள், அந்த சந்தோஷம் இன்னும் அப்படியே இருக்கிறது. அந்தப் பயணத்துக்கென்று பெற்றோர்களிடம் தனியாகப் பணம் வாங்கியிருக்கிறார்கள் என்பது திரும்பி வரும் பஸ்ஸில் ஒரு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு அன்று வந்த கோபத்தைவிட வலிதான் அதிகம். ஆட்டத்தில் எதிராளி முழங்கையால் குத்தினால் திருப்பிக் குத்தலாம். இதில் யாரைக் குத்துவது? வீட்டில் மனைவியிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "மேட்ச் ஆடுறப்போ ரெஃப்ரி இல்லாம ஆடுவீங்களா?"

இதோடு இன்னொன்றும் இருந்தது. கொடுத்த சம்பளத்தில் பத்து சதவீதம் டி.டி.எஸ். என்று பிடித்திருந்தார்கள். விளையாட்டுப் பயிற்சியாளர்களின் கட்டணத்துக்கு இப்படிப் பிடிப்பது சட்டப்படி சரிதான். பிடித்ததை நம் பான் எண்ணில் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். நம் வருமானம் வரி வரம்புக்குள் வரவில்லை என்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம். நம் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏ.எஸ். படிவத்தை நான் வருமான வரி தளத்தில் எடுத்துப் பார்த்தபோது அதில் ஒரு ரூபாய்கூட இல்லை. பிடித்தது பிடித்தபடி அவர்கள் பையிலேயே இருந்தது. கோச்சிங்கில் இருக்கிற ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த 26ஏ.எஸ். பார்க்க வேண்டும். போனிலேயே பார்க்கலாம், காசு செலவில்லை.

வேலையை விட்டபோது சம்பள பாக்கி, போட்டிச் செலவு எல்லாம் சேர்த்து 1,73,000 ரூபாய் வர வேண்டியிருந்தது. தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனேன். லேபர் கோர்ட் நம்மைத் தொழிலாளி என்று ஏற்றுக்கொள்ளுமா என்பதே வாதத்துக்குரிய விஷயம், சிவில் வழக்குதான் வழி, பணம் வர வேண்டிய தேதியிலிருந்து மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும் என்றார். அடுத்து, கையில் என்ன ஆதாரம் இருக்கிறது என்று கேட்டார். அங்கேதான் எனக்கு உயிர் வந்தது. அக்ரிமென்ட் இல்லை, ஆனால் வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய வாராந்திர டைம்டேபிள் இருந்தது. முதல் இரண்டு மாதச் சம்பளம் வங்கிக் கணக்கில் வந்த பதிவு இருந்தது. "பாக்கியை அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன்" என்று அவரே அனுப்பிய செய்தி இருந்தது. கோவை பஸ்காரர் கொடுத்த பில் என் பெயரில் இருந்தது. வாயால் பேசி முடிக்கிற எதையும், முடித்த கையோடு "அண்ணா, இன்னிக்குப் பேசினபடி மாசம் இவ்வளவு, தேதி இது" என்று ஒரு செய்தியாக அனுப்பிவிடுங்கள். அவர் சரி என்று கட்டைவிரல் காட்டினால்கூட அது உங்களுக்குப் பலம். கூச்சம் இருந்தால் என்னைச் சாக்கு சொல்லுங்கள், ஒரு அண்ணன் இப்படிச் செய்யச் சொன்னார் என்று.

தனியார் அகாடமியில் சேரும் முன் ஏ.ஐ.எஃப்.எஃப். அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அகாடமிகளுக்கு நட்சத்திரத் தரம் கொடுக்கிறார்கள், பட்டியலும் வெளியிடுகிறார்கள். அதில் பெயர் இருந்தாலே சம்பளம் வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். 2025-ல் ஐ.எஸ்.எல். நடக்குமா நடக்காதா என்று இழுத்தபோது பெரிய கிளப்புகளே சம்பளத்தை நிறுத்திவைத்தன. ஏற்கெனவே அங்கே வேலை பார்க்கும் கோச்சிடம் தனியாக ஒரு டீ குடித்துக்கொண்டே, போன மாதச் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது என்று கேளுங்கள். எந்தப் பட்டியலையும்விட அது நம்பகமான பதில்.

நாமே தொடங்கிவிடலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். நானும் டர்ஃப், அதாவது செயற்கைப் புல் மைதானம், வாடகைக்கு எடுத்து ஒரு பேட்ச் நடத்தினேன். கணக்கைச் சொல்கிறேன். 20 பிள்ளைகள், தலைக்கு 1,500, மாதம் 30,000. வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் மாதத்தில் ஏறத்தாழ 19 அல்லது 20 மணி நேரம். மணிக்கு 1,200 வாடகை என்று வைத்தால் 23,000-க்கு மேல் டர்ஃப்காரருக்கே போய்விடும். மிச்சம் ஆறாயிரம் சொச்சம். அதில் பந்து, பிப், கோன், முதலுதவிப் பெட்டி. பரீட்சை மாதத்தில் பாதிப் பிள்ளைகள் வர மாட்டார்கள், வாடகை குறையாது. அதனால் டர்ஃபில் தொடங்குகிறவர்கள் மாதக் கணக்கில் பேசி விலை குறையுங்கள், அல்லது கூட்டமில்லாத காலை நேரத்தை எடுங்கள், அல்லது மண் மைதானத்துக்குப் போங்கள். மண்ணில் ஆடிய நமக்கு மண்ணில் சொல்லிக்கொடுக்கத் தெரியாதா என்ன. கோடையில் டர்ஃப் கொதிக்கும். காலை ஏழரை மணிக்குப் பிறகு சின்னப் பிள்ளைகளை அதில் ஓட விடாதீர்கள்.

நிரந்தரமாக அரசு வேலை வேண்டும் என்பவர்கள் பாட்டியாலாவில் இருக்கும் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் என்.ஐ.எஸ். டிப்ளமோவையும் யோசிக்க வேண்டும். அரசு பயிற்சியாளர் பணிகளுக்கு அதைத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். கிளப் பக்கம் போக நான் முன்னால் சொன்ன சி, பி, ஏ என்று போகும் ஏ.எஃப்.சி. (ஆசிய கால்பந்து கூட்டமைப்பு) லைசென்ஸ், அரசு பக்கம் போக என்.ஐ.எஸ். இரண்டும் வேறு வேறு சாலை என்று எனக்கு மிகத் தாமதமாகத்தான் தெரிந்தது. சி லைசென்ஸுக்குக் கட்டணம், பயணம், வேலையில்லாத நாட்கள் எல்லாம் சேர்த்து எனக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் ஆனது, நகைக்கடன் வைத்துத்தான் கட்டினேன். லைசென்ஸ் ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் என்று நினைக்காதீர்கள். இடையிடையே ரிஃப்ரெஷர் வகுப்பு போய்ப் புதுப்பிக்க வேண்டும், அதற்கும் பணம் ஒதுக்கி வையுங்கள்.

மனசு பற்றியும் சொல்லியாக வேண்டும். வி.பி. சத்யனை எங்கள் ஏரியாப் பெரியவர்கள் இன்னும் பேசுவார்கள். இந்திய அணியின் கேப்டன், 1995-ல் ஏ.ஐ.எஃப்.எஃப்.-இன் சிறந்த வீரர். கேரளா போலீஸுக்கு ஆடியவர், இங்கே சென்னையில் இந்தியன் வங்கிக்கு வந்து ஆடினார், பிறகு கோச்சாகவும் இருந்தார். 2006-ல், 41 வயதில், தற்கொலை செய்துகொண்டார். வேலை இருந்த, பேர் இருந்த ஒரு மனிதர். ஆட்டம் நின்றபிறகு உள்ளே என்ன நடக்கிறது என்பது வெளியே தெரியாது. சம்பளம் வராத அந்த மாதங்களில் சனிக்கிழமை சாயங்காலம் வந்தாலே எனக்கு நெஞ்சு கனக்கும், ஏனென்றால் அது மேட்ச் நேரம். பழைய டீம் பசங்களின் போனை எடுக்கவே மாட்டேன். கடைசியில் பழைய கோல்கீப்பர் ஒருவன் வீட்டுக்கே வந்து கூட்டிக்கொண்டு போய் ராயபுரத்தில் ஒரு வெட்டரன்ஸ் மேட்ச் பார்க்க வைத்தான். உங்களுக்கு அப்படி ஒருத்தன் இல்லையென்றால் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அரசின் டெலி-மானஸ், இலவசம், தமிழிலேயே பேசலாம். இதில் வெட்கம் எதுவும் இல்லை.

கால்பந்து கோச் காலித் ஜமீல் போன பாதையை நான் பையன்களுக்கு அடிக்கடி சொல்வேன். மும்பை எஃப்.சி.-க்கு ஆட வந்தவர், காயங்களால் ஆட்டம் நின்று, 2009-ல் அதே கிளப்புக்கு கோச் ஆனார். பெரிய பட்ஜெட் இல்லாத அணி, வருஷா வருஷம் கீழே விழாமல் காப்பாற்றுவதே வேலை. ஏழு வருஷம் அதைச் செய்தார். அங்கிருந்து வெளியே போய், 2016-17-ல் ஐஸ்வால் எஃப்.சி.-யோடு ஐ-லீக் என்ற தேசிய லீக்கின் பட்டம் வாங்கினார். 2025 ஆகஸ்ட்டில் இந்திய அணிக்கே கோச். பட்டம் வாங்கிய வருஷத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள், எனக்கு அந்த ஏழு வருஷம்தான் முக்கியம். தெரிந்த கிளப், தெரிந்த ஆட்கள், தொடர்ந்து ஒரே இடத்தில் வேலை. ஆடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் கிளப்பின் சின்னப் பசங்களுக்கு வாரம் ஒரு நாளாவது உதவி கோச்சாக நில்லுங்கள். ஆட்டம் முடிகிற அன்று உங்களுக்கு ஒரு இடம் அங்கேயே இருக்கும்.

என் பாக்கி விஷயத்துக்கு வருகிறேன். வக்கீல் நோட்டீஸ் போனதும் அகாடமி தரப்பு பேச வந்தது. வழக்கு எத்தனை வருஷம் இழுக்கும் என்று யாருக்கும் தெரியாது, எனக்குக் கடன் வட்டி ஓடிக்கொண்டிருந்தது. 1,10,000-க்கு முடித்துக்கொண்டேன், இரண்டு செக். எழுதி, சாட்சி கையெழுத்தோடு. பிடித்த டி.டி.எஸ்.ஸை என் பான் எண்ணில் கட்டிக் காட்ட வேண்டும் என்பதையும் அதில் ஒரு வரியாக எழுத வைத்தேன், அடுத்த காலாண்டில் அது 26ஏ.எஸ்.-ல் வந்துவிட்டது. மிச்சம் 63,000 போனது போனதுதான். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கோச்சாக இருக்கிறேன். மாதம் 22,000, நியமனக் கடிதம் உண்டு, பி.எஃப். உண்டு. காலையில் கார்ப்பரேஷன் மைதானத்தில் எங்கள் ஏரியாப் பிள்ளைகளுக்கு ஒரு பேட்ச், கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கிறார்கள். அடுத்து பி லைசென்ஸ். அதற்கென்று தபால் ஆபீஸில் ஆர்.டி. போட்டிருக்கிறேன், நகை இந்த முறை வீட்டிலேயே இருக்கும்.